ஆறடிக்கு ஆறடி: சின்ன ஃபிளாட்டில் ஒரு ஜிம்

சென்னையில் அறுநூறு, எழுநூறு சதுர அடி ஃபிளாட்டில் குடியிருப்பவர்களிடம் "வீட்டிலேயே ஜிம் வைத்துக்கொள்ளுங்கள்" என்றால், முதல் கேள்வி "இடம் எங்கே?" என்பதுதான். ஹாலில் சோபாவும் டிவியும். ஒரு பெட்ரூமில் கட்டிலும் பீரோவும். இன்னொன்றில் பிள்ளைகளின் படிப்பு மேசை. கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமலேயே பலரும் சாமான் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். நான் சொல்லப்போகும் வரிசை அதற்குத் தலைகீழானது. முதலில் தரை, அடுத்து அசைவுகள், கடைசியில்தான் கடை.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே ஒரு விதி போதும். பயிற்சியைத் தொடங்க ஒரு நிமிடத்துக்குள் இடம் தயாராகிவிட வேண்டும். டீப்பாயை நகர்த்தலாம், பாயை விரிக்கலாம், அவ்வளவுதான். சோபாவை இழுக்க வேண்டும், பரணிலிருந்து பெட்டியை இறக்க வேண்டும் என்றால் மூன்றாவது வாரத்தில் பயிற்சி நின்றுவிடும். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்த ஒரு நிமிடத்தை வைத்து உரசிப் பாருங்கள்.

எதற்காக இந்த ஜிம் என்பதையும் முன்பே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவேற்றும் பயிற்சியும் வேண்டும். முதல் பாதியை நம் ஊரில் பலர் நடந்தே முடித்துவிடுகிறார்கள். இரண்டாவது பாதிதான் விடுபட்டுப்போகிறது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு சொன்னது. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைகள்தான். அவற்றிலும் தொடை, இடுப்பு, முதுகுத் தசைகளே பெரியவை. ஆகவே நடையைத் தெருவுக்கும் பூங்காவுக்கும் மொட்டை மாடிக்கும் விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் சொற்ப இடம் வலுப்பயிற்சிக்கு மட்டும்.

முதலில் டேப்பை எடுங்கள்

தேவையான காலியிடம் ஆறடிக்கு ஆறடி. யோகா பாய் ஒன்று ஏறக்குறைய ஆறடி நீளம், இரண்டடி அகலம். அதன் இருபுறமும் இரண்டிரண்டு அடி இருந்தால் கையை விரிக்கலாம், ஒரு காலை முன்வைத்து இறங்கலாம், படுத்துப் புரளலாம். பெரும்பாலான வீடுகளில் இந்த இடம் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே ஏற்கெனவே இருக்கும். டீப்பாய்தான் அதை மறைத்துக்கொண்டிருக்கும். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டு, அதற்குள் நின்று கைகால்களை வீசிப் பாருங்கள். டிவி மேசையின் முனையும் சோபாவின் கைப்பிடியும் எங்கே இடிக்கின்றன என்று அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து, தலைக்கு மேலே. சீலிங் ஒன்பதரை அடி என்றால் மின்விசிறியின் இறக்கை எட்டரை அடிக்குப் பக்கத்தில் சுற்றும். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ளவர் டம்பெல்லோடு கையைத் தூக்கினால் ஏழு அடியைத் தாண்டிவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு, பாயின்மேல் நின்று கையை உயர்த்துங்கள்; இன்னொருவர் அளக்கட்டும். இடைவெளி ஒரு அடிக்குக் குறைவாக இருந்தால் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சிகளை முக்காலியில் உட்கார்ந்தோ முழங்காலில் நின்றோதான் செய்ய வேண்டும். அல்லது பயிற்சி இடத்தையே ஃபேனுக்கு நேர்கீழே இல்லாமல் சற்றுத் தள்ளி வையுங்கள்.

பால்கனியை நினைத்து வைத்திருப்பவர்கள் அதை மறந்துவிடுவது நல்லது. மூன்று நான்கு அடி அகலத்தில் உடம்பு திரும்பாது. வெயிலும் மழையும் சாமானைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வியர்த்த கையிலிருந்து நழுவும் எடை கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் கீழே நடந்து போகிறவர் உயிருக்கே ஆபத்து.

தரையும் கீழ் வீடும்

"டைல்ஸ் தாங்குமா, ஸ்லாப் தாங்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. குடியிருப்பு அறைகளின் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்கு மேற்சுமை தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரவிதியின் கணக்கு. ஆறடிக்கு ஆறடி என்பது சுமார் 3.3 சதுர மீட்டர். ஓர் ஆளும் ஐம்பது அறுபது கிலோ டம்பெல்லும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பிரச்சினை நிற்கும் எடையால் வராது, விழும் எடையால்தான் வரும்.

டைல்ஸ் விஷயத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். பயிற்சி இடத்திலுள்ள ஒவ்வொரு டைலையும் ஒரு மரக்கரண்டிக் காம்பால் தட்டிக் கேளுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் அடியில் கலவை முழுதாகப் பிடித்திருக்கிறது. வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே இடைவெளி இருக்கிறது. அந்த டைல் ஐந்து கிலோ விழுந்தாலே விரிசல்விடும். எடையை இறக்கி வைக்கும் மூலை அதன்மேல் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தரைக்கு விரிப்பதில் இரண்டு வகை. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஃபோம் துண்டுகள் உடம்புக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் டம்பெல் வைத்தால் பள்ளம் விழும். எடையோடு பஸ்கி எடுக்கும்போது கணுக்காலும் ஆடும். கெட்டி ரப்பர் பாய் விலை கூடுதல், கனமும் கூடுதல். ஆனால் கால் உறுதியாக நிற்கும். முழு இடத்துக்கும் ரப்பர் தேவையில்லை. எடை இறங்கும் இடத்தில் 15 மில்லிமீட்டர் ரப்பர் துண்டு இரண்டு, படுத்துச் செய்யும் பயிற்சிகளுக்கு ஒரு யோகா பாய். இவை இரண்டும் போதும். புது ரப்பரின் வாடை தலைவலி தரும். சோப்புத் தண்ணீரில் கழுவி நாலைந்து நாள் நிழலில் காயவிட்டால் பெருமளவு போய்விடும்.

சத்தத்தைப் பாய் ஓரளவுக்குத்தான் தடுக்கும். எடையைத் தரையில் போடும்போதும் குதிக்கும்போதும் எழும் அதிர்வு கான்கிரீட் வழியாகவே கீழ் வீட்டுக்குப் போகிறது. அதனால் மாடி ஃபிளாட்டில் ஸ்கிப்பிங், குதித்துச் செய்யும் எந்தப் பயிற்சியும் வேண்டாம். எடையை எடுப்பதுபோலவே மெதுவாக இறக்கி வைக்கவும் பழகுங்கள். அது தசைக்கும் நல்லது. தொடங்குவதற்கு முன் ஒருமுறை படியிறங்கிப் போய், "காலையில கொஞ்ச நேரம் எக்சர்சைஸ் பண்றோம்; சத்தம் கேட்டா தயங்காம சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அங்கே கைக்குழந்தை இருக்கலாம், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவர் இருக்கலாம். அவர்கள் நேரம் தெரிந்தால் உங்கள் நேரத்தை வைத்துக்கொள்வது எளிது.

ஐந்து அசைவுகள்

உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. ஜிம்மில் இருக்கும் இயந்திரங்களில் முக்கால்வாசி இந்த ஐந்தில் ஏதோ ஒன்றைத்தான் செய்விக்கின்றன. வீட்டில் இருப்பதை வைத்தே எவற்றைச் செய்ய முடியும், எதற்குச் சாமான் வேண்டும் என்று பார்த்துவிட்டால் செலவு பாதியாகிவிடும்.

தள்ளுவதற்குத் தண்டால் இருக்கிறது. அதில் எவ்வளவு எடை ஏறுகிறது என்பதை 2011-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. தரையில் கை ஊன்றி முழுத் தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் சுமார் 64 சதவீதம் கைகளில் இறங்குகிறது. முழங்காலை ஊன்றினால் 49 சதவீதம். கையை இரண்டடி உயரத்தில் வைத்தால் 41. காலை இரண்டடி உயரத்தில் வைத்தால் 74. அதாவது 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அதே தண்டால் 25 கிலோவிலிருந்து 44 கிலோ வரை மாறுகிறது, ஒரு ரூபாய் செலவில்லாமல். புதிதாகத் தொடங்குபவர் சமையல் மேடையில் கை ஊன்றித் தொடங்கட்டும், பதினைந்து முறை சுலபமானதும் கட்டில் விளிம்பு, பிறகு தரை, கடைசியில் கால் கட்டில்மேல். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம், டைல்ஸில் வழுக்கும்.

உட்கார்ந்து எழுவதும் அப்படியே. சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் பின்புறம் லேசாகத் தொட்டு எழுவது முதல் படி. பிறகு நாற்காலி இல்லாமல் பஸ்கி. பிறகு முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு. ஐந்து கிலோ அரிசிப் பையையோ பருப்புப் பொட்டலங்களையோ பிள்ளைகளின் பள்ளிப் பையில் போட்டால் அது எடை. அதுவும் சுலபமானால் ஒரு காலைப் பின்னால் கட்டில்மேல் வைத்து, மறுகாலில் மட்டும் இறங்கி எழுங்கள். இந்தக் கடைசிப் படியை எட்ட ஆரோக்கியமானவருக்கே சில மாதம் ஆகும்.

குனிந்து தூக்குவதற்குக் கைப்பிடி உள்ள 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறது. நிறைந்திருந்தால் இருபது கிலோவுக்குச் சற்று மேல். பாதி நிரப்பினால் தண்ணீர் ஆடிக் கையை இழுக்கும், அதனால் ஆரம்பத்தில் ஐந்து லிட்டர் கேனை விளிம்புவரை நிரப்பித் தொடங்குங்கள். முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து, கேனைக் காலோடு ஒட்டி எடுக்க வேண்டும். சிலர் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பயிற்சி செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 14.2 கிலோ வாயுவோடு, அதற்குக் கொஞ்சமும் குறையாத இரும்பும் சேர்ந்த கனம் அது. நழுவினால் பாதத்தோடும் டைலோடும் முடிந்துவிடாது.

சுமந்து நடப்பது என்றால் இரு கையிலும் எடையோடு ஹாலிலிருந்து சமையலறைக்குப் போய்த் திரும்புவது. விளக்கமே தேவையில்லை.

கர்லாக்கட்டை வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். அருமையான கருவி, தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அதைப்போல வேலை கொடுப்பவை குறைவு. ஆனால் அது சுழலும் வட்டத்துக்கு ஹால் போதாது. மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள்.

இழுப்பதுதான் சிக்கல்

ஃபிளாட்டில் தள்ளத் தரை இருக்கிறது. இழுக்க எதுவும் இல்லை. அதனால் வீட்டில் பயிற்சி செய்பவர்கள் தண்டாலோடு நின்றுவிடுகிறார்கள், நாள் முழுக்க லேப்டாப்முன் குனிந்திருக்கும் மேல்முதுகுக்கு வேலையே கிடைப்பதில்லை. காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கதவில் மாட்டும் புல்-அப் கம்பியைத்தான் எல்லோரும் முதலில் யோசிப்பார்கள். அதில் கொக்கிபோல் மாட்டும் வகை, கதவு நிலையைச் சுற்றிச் சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் மரச்சட்டத்தை நம்பி வடிவமைக்கப்பட்டது. நம் வீடுகளில் நிலை பெரும்பாலும் சுவரோடு சமமாகப் பதிந்திருக்கும். கொக்கிக்குப் பிடிமானமே இருக்காது. திருகி நீட்டி இரு பக்கமும் அழுத்தி நிற்கும் வகை, உராய்வை மட்டுமே நம்பி நிற்பது. பழைய தேக்கு நிலையில் ஸ்க்ரூ போட்ட கிண்ணத்தோடு பொருத்தினால் நிற்கும். புதுக் கட்டடங்களில் வரும் மெல்லிய நிலைகளிலும் பாத்ரூம் பி.வி.சி. கதவிலும் அதை நம்பக் கூடாது. சுவரில் நிரந்தரமாகப் பதிப்பதென்றால் ஆங்கர் ஃபாஸ்டனர் கான்கிரீட் பீமில் இறங்க வேண்டும். எடைகுறைந்த பிளாக்கில் கட்டிய தடுப்புச் சுவர், தொங்கும் ஆளின் எடையைப் பொறுக்காது. வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் துளை. எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வயர் ஓடும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இத்தனை சிரமம் எதற்கு என்பவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒற்றைக் கை டம்பெல் இழுப்பு. ஒரு முழங்காலையும் கையையும் கட்டில் விளிம்பில் ஊன்றி, முதுகைத் தரைக்கு இணையாக வைத்து, மறுகையால் டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது. இன்னொன்று, ரப்பர் பேண்ட். வளையமாக வரும் நீளமான பேண்டைக் கதவிடுக்கில் மாட்ட ஒரு பட்டை கிடைக்கும். முனையில் கெட்டியான உருளை இருக்கும். அந்த உருளையைக் கதவுக்கு அந்தப் பக்கம் விட்டு, கீல் இருக்கும் பக்கமாக மாட்டிக் கதவைச் சாத்துங்கள். கதவு உங்களுக்கு எதிர்ப்புறமாகத் திறப்பதாக இருக்க வேண்டும். அப்போதுதான் நீங்கள் இழுக்க இழுக்க அது நிலையோடு இன்னும் இறுகும். தாழ்ப்பாளையும் போட்டுவிடுங்கள், யாராவது அந்தப் பக்கமிருந்து திறந்தால் பேண்ட் முகத்தில் அடிக்கும். மேலே மாட்டினால் தொங்கி இழுப்பதற்கு ஈடு, இடுப்பு உயரத்தில் மாட்டினால் படகுத் துடுப்பு இழுப்பு. உண்மையாகவே தொங்க ஆசைப்படுபவர்களுக்கு, சென்னை மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் திறந்தவெளி ஜிம் இருக்கிறது.

இப்போது கடைக்குப் போகலாம்

முதல் மாதம் ரப்பர் துண்டும் பாயும். கூடவே வெவ்வேறு தடிமனில் இரண்டு மூன்று வளைய பேண்டுகள், கதவுப் பட்டை. டம்பெல் இரண்டாம் மாதம் வாங்கினால் போதும். அதற்குள் எத்தனை கிலோ வேண்டும் என்று உங்கள் கைக்கே தெரிந்திருக்கும்.

டம்பெல்லில் மலிவானது, பிளாஸ்டிக் உறைக்குள் மணலோ சிமெண்டோ அடைத்த தட்டுகள். அதே எடைக்கு இரும்பைவிட மிகப் பெரிதாக இருக்கும், விழுந்தால் விரிசல்விட்டுத் தூள் கொட்டும். கழற்றி மாட்டும் இரும்புத் தட்டு, திருகு முனைக் கம்பி என்ற ஜோடி இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ஒவ்வொரு பயிற்சிக்கும் தட்டை மாற்ற நேரமாகும். திருகை ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பார்க்கவும் வேண்டும். ரப்பர் பூசிய அறுகோண டம்பெல்தான் நான் பரிந்துரைப்பது. உருளாது, டைலைக் கீறாது, எடுத்த உடனே தூக்கலாம். கிலோ கணக்கில் விலை சொல்வார்கள். கணவன் மனைவி இருவர் பயிற்சி செய்யும் வீட்டுக்கு 5 கிலோ ஒரு ஜோடி, 10 கிலோ ஒரு ஜோடி நெடுநாள் வரும். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள விளையாட்டுச் சாமான் கடைகள் போன்ற இடங்களில் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். கைப்பிடி உங்கள் உள்ளங்கைக்கு மிகத் தடியாக இருந்தால் முதுகு களைப்பதற்குமுன் விரல்கள் களைத்துவிடும்.

"பத்து கிலோவில் என்ன வந்துவிடும்?" என்ற சந்தேகத்துக்கு ஆய்வுகள் பதில் சொல்லியிருக்கின்றன. பிராட் ஷோன்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தசை முடியாது என்று சொல்லும்வரை செய்தால், குறைந்த எடையிலும் தசை வளர்ச்சி ஏறக்குறைய அதே அளவு இருந்தது. ஒரே முறையில் தூக்கக்கூடிய உச்ச எடையில் மட்டும் கனமான எடைக்கே முதலிடம். நம் தேவைக்கு முதல் செய்தியே போதும்.

டிரெட்மில் வேண்டாம் என்பேன். படுத்த ஓர் ஆளின் இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு காலடியும் கீழ் வீட்டுக்குக் கேட்கும். இரண்டு குதிரைத்திறன் மோட்டார் முழு வேகத்தில் 1500 வாட் வரை இழுக்கும், சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் ஓடாது. மல்டி-ஜிம்மும் வேண்டாம். பெஞ்சுகூட முதல் வருடம் தேவையில்லை. தரையில் படுத்தே டம்பெல்லை மார்புக்கு மேல் தள்ளலாம். கண்ணாடி தனியாக எதற்கு, பீரோக் கண்ணாடி இருக்கிறது. கைப்பேசியைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் பிடித்தால் முதுகு வளைவது அதைவிடத் தெளிவாகத் தெரியும்.

எங்கே வைப்பது

பேண்டும் பாயும் ஹாலில் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கியில். டம்பெல் சோபாவுக்கோ கட்டிலுக்கோ அடியில், ஒரு ரப்பர் துண்டின்மேல். பரணில் எடை வைக்கவே கூடாது. இறக்கும்போது தலையில் விழும், ஏற்றுவதற்குச் சோம்பல் வரும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பூட்டும் பெட்டிக்குள் போய்விட வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடல்காற்று அடிக்கும் இடங்களில் வெறும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பயிற்சி முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். பேண்டுக்கு எண்ணெய் ஆகாது, ரப்பர் இளகிவிடும். அதற்குக் கொஞ்சம் டால்கம் பவுடர். வெயில் படும் ஜன்னலோரம் தொங்கவிட்டால் வெடிப்பு விழும். கீறல் தெரிந்த பேண்டை உடனே தூக்கிப் போடுங்கள்.

முதல் மூன்று மாதம்

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், மூட்டுக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துவிடலாம். எதைச் சாப்பிட்டுவிட்டு எந்த நேரத்தில் செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் அத்தோடு நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

திங்கள், வியாழன் என்று இரண்டு நாளில் தொடங்குங்கள். ஒரு மாதம் தவறாமல் போனால் சனிக்கிழமையைச் சேர்க்கலாம். ஐந்து நிமிடம் கைகால் வீசி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, பஸ்கி, தண்டால், இழுப்பு, குனிந்து தூக்குதல், சுமந்து நடத்தல் என்று ஒரு சுற்று. ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பதினைந்து முறை. இன்னும் இரண்டு முறை முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். சுற்றுகளுக்கு இடையே இரண்டு நிமிடம் ஓய்வு. முதல் இரண்டு வாரம் இரண்டு சுற்று, பிறகு மூன்று. எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்தைத் தாண்டாது. மே மாதத்தில் காலை ஆறு மணிக்கு முன்பே முடித்துவிடுவது உடம்புக்கு நல்லது.

செய்ததை மாதக் காலண்டரின் அந்தந்தக் கட்டத்திலேயே எழுதுங்கள்: எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை முறை. அடுத்த நாள் அதைவிட ஒருமுறை கூடுதலாக முயல்வதுதான் முன்னேற்றம். எடை போதவில்லை என்று தோன்றினால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். இறங்கும்போது மூன்று எண்ணும்வரை நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அதே ஐந்து கிலோ கனக்கத் தொடங்கும். மூன்று சுற்றிலும் பதினைந்து முறை, தொடர்ந்து இரண்டு வாரம் சுலபமாக வந்தால் மட்டும் அடுத்த ஜோடி வாங்குங்கள். அப்போது பழைய ஐந்து கிலோவை விற்றுவிட வேண்டாம். தோள் பயிற்சிக்கு அது உங்களுக்கே தேவைப்படும். வீட்டில் அடுத்து தொடங்கப்போகிறவருக்கும் அதுதான் முதல் எடை.